தனிநிலைத் தொடரும் தொடர்நிலைத் தொடரும்: பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு வட்டாரங்களில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருபவர்களும், மாலையில் வீட்டுப்பாடம் பார்க்கும் பெற்றோரும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டுகள் வேண்டுமென்றே நம் ஊர்களையும் நம் பேச்சையும் ஒட்டி அமைக்கப்பட்டுள்ளன. 'இராமன் பழம் தின்றான்' என்ற வாக்கியத்தைப் பிள்ளை மனப்பாடம் செய்துவிடும். தான் ஏறி இறங்கும் பேருந்தைப் பற்றிய வாக்கியமென்றால் அதைத் தானே பிரித்துப் பார்க்கத் துணியும்.

தனிநிலைத் தொடர், தொடர்நிலைத் தொடர் என்றால் என்ன?

ஓர் எழுவாயோ பல எழுவாய்களோ வந்து ஒரே பயனிலையைக் கொண்டு முடிந்தால் அது தனிநிலைத் தொடர். ஓர் எழுவாய் பல பயனிலைகளைக் கொண்டு முடிந்தாலோ, தனித்தனியே நிற்கக்கூடிய வாக்கியங்கள் 'ஆனால்', 'அதனால்' போன்ற இணைப்புச் சொல்லாலோ அரைப்புள்ளியாலோ சேர்ந்து வந்தாலோ அது தொடர்நிலைத் தொடர். 'பேருந்து காட்பாடியில் நின்றது' என்பது முதல் வகை. 'பேருந்து காட்பாடியில் நின்றது; ஆனால் யாரும் இறங்கவில்லை' என்பது இரண்டாம் வகை. புத்தகத்துக்குப் புத்தகம் தனி வாக்கியம், தனிச்சொற்றொடர், தொடர் வாக்கியம் என்று பெயர் மாறும். பெயர் மாறுவதால் பொருள் மாறுவதில்லை. பிள்ளையின் பாடநூலில் உள்ள பெயரையே வீட்டிலும் பயன்படுத்துங்கள்.

எந்த வகுப்பில் தொடங்கலாம்?

பெயர்களைச் சொல்லாமல் மூன்றாம் வகுப்பிலேயே தொடங்கலாம். பெயர்களைச் சொல்லி ஐந்தாம் வகுப்புக்கு மேல் தொடங்கலாம். 2022ஆம் ஆண்டு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிக்கிறார்கள். மொட்டு நிலையில் இருக்கும் பிள்ளைக்கு இரண்டு சிறிய வாக்கியங்களைக் கொடுத்து 'இவற்றைச் சேர்த்துச் சொல்' என்றால் போதும். 'எழுவாய்', 'பயனிலை' என்ற சொற்கள் அந்த வயதில் பயத்தைத்தான் கொடுக்கும்.

ஒரு வாக்கியத்தைப் பார்த்ததும் எந்த வகை என்று பிள்ளை எப்படிக் கண்டுபிடிப்பது? 'வினைச்சொல்லைத் தேடி எண்ணு' என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. இந்த அறிவுரை ஆங்கில வகுப்பிலிருந்து தமிழ் வகுப்புக்குள் வந்தது. ஆங்கிலத்துக்குப் பொருந்தும் இந்த வழி தமிழில் இரண்டு இடங்களில் இடறும்.

முதலாவதாக, வினையே இல்லாத முழு வாக்கியம் தமிழில் ஏராளம். 'எங்கள் ஊர் பேரணாம்பட்டு.' 'என் அம்மா செவிலியர்.' 'இந்தக் கோட்டையைச் சுற்றி அகழி.' இவற்றில் பெயரே பயனிலையாக நிற்கிறது. இலக்கணம் இதைப் பெயர்ப் பயனிலை என்கிறது. வினையைத் தேடும் பிள்ளை இவற்றை வாக்கியமே இல்லை என்று அடித்துவிடும், அல்லது 'என் அம்மா செவிலியர் ஆக இருக்கிறார்' என்று தேவையில்லாத ஒன்றை ஒட்டும்.

இரண்டாவதாக, ஒரே வாக்கியத்தில் நான்கைந்து வினைகள் இருந்தும் அது தனிநிலையாகவே இருக்கலாம். 'நான் எழுந்து, பல் துலக்கி, குளித்து, இட்லி சாப்பிட்டு, பள்ளிக்கு வந்தேன்' என்பதில் ஐந்து வினைகள் உள்ளன. ஆனால் எழுந்து, துலக்கி, குளித்து, சாப்பிட்டு ஆகிய நான்கும் முடியாமல் நிற்கும் வினைகள், அதாவது வினையெச்சங்கள். வாக்கியத்தை முடித்துவைக்கும் வினையான முற்று 'வந்தேன்' என்பது மட்டுமே.

எனவே பிள்ளையிடம் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். வாக்கியத்தை வாய்விட்டுப் படித்து, ஒவ்வொரு வினையிலும் நிறுத்தி, எதிரே இருப்பவரைப் பார்க்க வேண்டும். 'நான் எழுந்து' என்று நிறுத்தினால் கேட்பவர் 'எழுந்து?' என்பார். 'நான் வந்தேன்' என்று நிறுத்தினால் எதுவும் கேட்கத் தோன்றாது. கேள்வி எழும் இடம் எச்சம். கேள்வி எழாத இடம் முற்று. 'எங்கள் ஊர் பேரணாம்பட்டு' என்று நிறுத்தினாலும் யாரும் 'அப்புறம்?' என்று கேட்கப்போவதில்லை; ஆகவே பெயர்ப் பயனிலைக்கும் இந்தச் சோதனை செல்லும். நிற்கும் இடம் ஒன்றென்றால் தனிநிலை. இரண்டும் அதற்கு மேலும் என்றால் தொடர்நிலை. பெயர்களை அறியாத மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் இதைச் செய்யும்.

அப்படியானால் நீளமான வாக்கியமெல்லாம் தொடர்நிலை ஆகாதா?

ஆகாது. நீளத்துக்கும் வகைக்கும் தொடர்பு இல்லை. 'வேலூர்க் கோட்டைக்குள் பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த, சிற்பங்கள் நிறைந்த சலகண்டேசுவரர் கோயில் இருக்கிறது' என்பது நீளமான தனிநிலைத் தொடர். 'மழை வந்தது; ஓடினோம்' என்பது மூன்றே சொற்களில் அமைந்த தொடர்நிலைத் தொடர். இந்த இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதி எது எந்த வகை என்று கேட்டால், வகுப்பில் பாதிப் பேர் தவறாகச் சொல்லி, பிறகு தாங்களே சிரித்துத் திருத்திக்கொள்வார்கள்.

'உம்' வந்தால் இரண்டு வாக்கியங்கள் சேர்ந்துவிட்டன என்றுதானே பொருள்?

பெரும்பாலும் இல்லை. வேலூர்க் கோட்டையையே எடுத்துக்கொள்வோம். 'கோட்டைக்குள் கோயிலும் மசூதியும் தேவாலயமும் இருக்கின்றன.' எழுவாய் மூன்று, பயனிலை ஒன்று. ஆகவே இது தனிநிலைத் தொடர். 'ஓர் எழுவாயோ பல எழுவாய்களோ' என்று வரையறையில் சொல்லப்படுவது இதற்காகத்தான்.

நன்னூல் உம்மைக்கு எட்டுப் பொருள்களைச் சொல்கிறது. அவற்றுள் நமக்கு இங்கே வேண்டியது எண்ணும்மை. எண்ணும்மை பெயர்களைச் சேர்க்கும்: கோயிலும் மசூதியும். எச்சங்களைச் சேர்க்கும்: படிக்கவும் எழுதவும். ஆனால் முற்று வினைகளை அது சேர்ப்பதில்லை. 'வந்தானும் போனானும்' என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையும் சொல்லாது. இந்த நுட்பம் பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. நாம் அதைச் சுட்டிக்காட்டினால் போதும்.

இரண்டு முற்றுகளை 'மற்றும்' போட்டு இணைக்கலாமா?

'நான் கடைக்குப் போனேன் மற்றும் பால் வாங்கினேன்' என்று எழுதும் பிள்ளைகள் இன்று மிகுதி. மேலே சொன்னதுபோல, இரண்டு முற்றுகளுக்கு நடுவே எண்ணும்மை நிற்காது. அந்த வெற்றிடத்தை ஆங்கிலப் பழக்கம் 'மற்றும்' கொண்டு நிரப்புகிறது. தமிழில் அந்த இடத்துக்கு வேறு வழிகள் உண்டு. முதல் வினையை எச்சமாக்கலாம்: 'கடைக்குப் போய்ப் பால் வாங்கினேன்.' இரண்டையும் முற்றாகவே வைத்து அரைப்புள்ளி இடலாம்: 'கடைக்குப் போனேன்; பால் வாங்கினேன்.' முதலாவது தனிநிலை, இரண்டாவது தொடர்நிலை. பெயர்ப் பட்டியலில் 'மற்றும்' வருவதைக்கூட நான் பெரிதாகத் திருத்துவதில்லை; முற்றுகளுக்கு நடுவே வருவதை மட்டும் கட்டாயம் திருத்துவேன்.

எங்கள் பிள்ளை 'பஸ்ஸு வந்துகினு கீது' என்று பேசுகிறான். இதில் நிற்கும் இடம் எத்தனை?

ஒன்று. 'வந்துகினு கீது' என்பதன் எழுத்து வடிவம் 'வந்துகொண்டிருக்கிறது'. வா, கொள், இரு என்று மூன்று வினைகள் சேர்ந்திருந்தாலும், பின்னிரண்டும் துணைவினைகள். மூன்றும் சேர்ந்து ஒரே பயனிலையாக நிற்கின்றன. 'வந்துவிட்டது', 'படித்துப் பார்த்தாள்', 'எழுதி வைத்தான்' ஆகியவற்றில் முதல் வினையை மட்டும் எடுத்து 'வந்து' என்று நிறுத்திப் பார்த்தால் கேள்வி எழும். ஆகவே சோதனை இங்கேயும் சரியான விடையையே தரும்.

சிக்கல் எழுதும்போதுதான் வருகிறது. 'கினு' என்பதை எழுத்தில் எப்படிக் கொண்டுவருவது என்று தெரியாத பிள்ளை 'வந்து கொண்டு இருக்கிறது' என்று மூன்றாகப் பிரித்து எழுதுகிறது; பிரித்து எழுதியதும் மூன்று வினைகள்போலத் தோன்றுகிறது; அதைத் தொடர்நிலை என்று குறிக்கிறது. எனவே துணைவினையைச் சேர்த்து எழுதுவதை முதலில் பழக்குங்கள். பேச்சைக் கேலி செய்ய வேண்டாம். வடாற்காட்டுப் பிள்ளை 'கினு' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் எச்சத்தையும் துணைவினையையும் பிழையில்லாமல்தான் கையாளுகிறது. 'பேசுவதை எழுத்தில் எப்படி எழுதுவோம்?' என்று கேட்டு இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டுங்கள்.

இணைப்புச் சொற்களை எந்த வரிசையில் சொல்லித் தருவது?

'அதனால்', 'ஆனால்', 'அல்லது' ஆகிய மூன்றும் முதலில். பிள்ளைகள் பேச்சில் இவற்றை ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள். 'ஆகவே', 'எனவே', 'ஆயினும்', 'இருப்பினும்' ஆகியவை எழுத்துத் தமிழுக்கு உரியவை. நடுநிலை வகுப்புகளில் வந்தால் போதும். 'ஏனென்றால்' என்பதைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும்; காரணம் பின்னால் சொல்கிறேன்.

பட்டியலை மனப்பாடம் செய்யவைப்பதைவிட, ஒரு நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு இணைப்பை மாற்றிப் பார்ப்பது நல்லது. 'ஷேர் ஆட்டோ வரவில்லை; அதனால் நடந்து போனேன்.' 'ஷேர் ஆட்டோ வந்தது; ஆனாலும் நடந்து போனேன்.' இரண்டிலும் பிள்ளை நடந்துதான் போகிறது. முதலாவதில் வேறு வழியில்லை, இரண்டாவதில் அதற்கு ஏதோ காரணம் இருக்கிறது. 'ஏன் நடந்து போயிருப்பாய்?' என்று கேளுங்கள். 'காசை மிச்சம் பிடிக்க', 'தோழியோடு பேசிக்கொண்டே போக' என்று விடைகள் வரும். இணைப்புச் சொல் இரண்டு வாக்கியங்களுக்கும் இடையே உள்ள உறவைச் சொல்கிறது என்பதை இதைவிட எளிதாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

உறவே இல்லாத வாக்கியங்களை ஒட்டுவதையும் கவனிக்க வேண்டும். 'எங்கள் வீட்டில் நாய் இருக்கிறது, ஆனால் இன்று வியாழக்கிழமை' என்பதில் இலக்கணப் பிழை இல்லை, பொருள்தான் இல்லை. இப்படிச் சில வாக்கியங்களை வேண்டுமென்றே கொடுத்து 'இது ஏன் கோணலாக இருக்கிறது?' என்று கேட்டால் பிள்ளைகள் விரும்பிச் செய்கிறார்கள்.

இனி 'ஏனென்றால்'. இதில் விளைவு முன்னும் காரணம் பின்னும் வரும்: 'விளையாட்டு நின்றது, ஏனென்றால் மழை பெய்தது.' பிள்ளைகள் செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று, வரிசையை மாற்றி 'மழை பெய்தது. ஏனென்றால் விளையாட்டு நின்றது' என்று எழுதுவது. மற்றொன்று, 'ஏனென்றால் மழை பெய்ததால்' என்று காரணத்தை இரண்டு முறை சொல்வது. இரண்டாவதைப் பெரியவர்களும் எழுதுகிறோம், செய்தித்தாளிலும் காண்கிறோம். 'ஏனென்றால்' வந்தால் முடிவில் 'ஆல்' வேண்டாம் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

பிள்ளை எழுதிய பத்தியைத் திருத்தும்போது இதை எப்படிப் பயன்படுத்துவது?

நான்காம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றுலா பற்றி எழுதும் பத்தி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

'நாங்கள் கோட்டைக்குப் போனோம் மற்றும் அகழியைப் பார்த்தோம் மற்றும் உள்ளே கோயில் இருந்தது அப்புறம் மியூசியம் பார்த்தோம் அப்புறம் பசித்தது அதனால் சாப்பிட்டோம்.'

சிவப்பு மையை எடுப்பதற்கு முன் பிள்ளையையே படிக்கச் சொல்லி, நிற்கும் இடங்களில் பென்சிலால் வட்டம் போடச் சொல்லுங்கள். போனோம், பார்த்தோம், இருந்தது, பார்த்தோம், பசித்தது, சாப்பிட்டோம் என்று ஆறு வட்டங்கள் வரும். ஆறு முற்றுகள் ஒரே மூச்சில் நிற்கின்றன என்பது பிள்ளையின் கண்ணிலேயே படும். அடுத்து, எவை எவை ஒட்டி நிற்க வேண்டியவை என்று கேளுங்கள். போனதும் பார்த்ததும் ஒரே செயலின் இரண்டு படிகள். அவற்றை எச்சமும் முற்றுமாக ஆக்கலாம். பசித்ததற்கும் சாப்பிட்டதற்கும் காரண உறவு உண்டு. 'அதனால்' அங்கே சரியாகவே இருக்கிறது. திருத்திய வடிவம் இப்படி அமையலாம்:

'நாங்கள் கோட்டைக்குப் போய் அகழியைப் பார்த்தோம். உள்ளே கோயில் இருந்தது; அதைப் பார்த்துவிட்டு மியூசியத்துக்கும் போனோம். பசித்தது, அதனால் வெளியே வந்து சாப்பிட்டோம்.'

முதல் வாக்கியம் தனிநிலை. மற்ற இரண்டும் தொடர்நிலை. பத்தி முழுவதையும் தொடர்நிலையாக எழுதினால்தான் உயர்ந்த நடை என்று சில பயிற்சி ஏடுகள் எண்ண வைக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிறிய தனிநிலைத் தொடர் ஒன்று நடுவில் வந்தால்தான் படிப்பவர் மூச்சு விட முடியும்.

மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடத்திலிருந்தே வாக்கியம் எடுக்கலாமா?

தாராளமாக. 'வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் 1806 ஜூலை 10 அன்று கிளர்ந்தெழுந்தனர்; ஆனால் ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த குதிரைப்படை அன்றே கிளர்ச்சியை அடக்கியது.' எழுவாயும் மாறுகிறது, பயனிலையும் மாறுகிறது, நடுவில் 'ஆனால்' நிற்கிறது. 'விரைந்து வந்த' என்ற பெயரெச்சத்தில் நிறுத்த முடியாது என்பதையும் இதிலேயே காட்டிவிடலாம்.

'எனக்குப் பசிக்கிறது' என்பதில் எழுவாய் எங்கே?

எழுவாய் வேற்றுமைக்கு உருபு இல்லை. 'எனக்கு' என்பது நான்காம் வேற்றுமை உருபை ஏற்றிருப்பதால் அது எழுவாய் ஆகாது. எழுவாய் வெளிப்படையாக இல்லாத வாக்கியம் இது. முற்று ஒன்றே என்பதால் தனிநிலை என்று வகைப்படுத்துவதில் தடை இல்லை. எழுவாயைக் கோடிடும் பயிற்சியில் மட்டும் 'எனக்குக் காய்ச்சல்', 'எனக்கு இரண்டு அக்காக்கள்' போன்றவற்றைச் சிறு வகுப்புகளுக்குக் கொடுக்காதீர்கள். 'வந்தேன்' என்பதுபோல் எழுவாய் மறைந்து நிற்கும் தோன்றா எழுவாயைக் கொடுக்கலாம். வினையின் விகுதியே 'நான்' என்று சொல்லிவிடும்.

வீட்டில் உருது அல்லது தெலுங்கு பேசும் பிள்ளைகளுக்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் பகுதி ஆசிரியர்கள் இதை அடிக்கடி கேட்கிறார்கள். உருதுவில் 'அவர் ஆசிரியர்' என்று சொல்வதற்கும் இறுதியில் 'ஹைன்' என்ற வினை வேண்டும். ஆகவே பெயர்ப் பயனிலை வாக்கியம் அந்தப் பிள்ளைக்கு அரைகுறையாகத் தோன்றும். மேலும், உருதுவின் 'அவுர்' இரண்டு முற்றுகளை எளிதாக இணைக்கும். அந்தப் பிள்ளையை 'மற்றும்' இரண்டு பக்கமிருந்து இழுக்கிறது, ஆங்கிலத்திலிருந்தும் வீட்டு மொழியிலிருந்தும். எனவே பெயர்ப் பயனிலைக்கும் எச்சத் தொடருக்கும் கூடுதலாக வாய்மொழிப் பயிற்சி கொடுங்கள். தெலுங்கு பேசும் பிள்ளைக்கு இந்தத் தொல்லை குறைவு. தெலுங்கிலும் பெயர்ப் பயனிலை உண்டு, எச்சங்களை அடுக்கி இறுதியில் முற்று வைக்கும் வழக்கமும் உண்டு.

ஆங்கில வகுப்பில் சொல்லும் சிம்பிள் சென்டென்ஸ், காம்பவுண்ட் சென்டென்ஸ் இவைதானா?

ஏறக்குறைய இவைதான், ஓரிடத்தில் வேறுபடும். ஒரே எழுவாய்க்கு இரண்டு வினைகள் 'அண்ட்' போட்டு வந்தால் ஆங்கில இலக்கணம் அதைப் பெரும்பாலும் சிம்பிள் சென்டென்ஸ் என்றே கொள்ளும். தமிழிலோ ஓர் எழுவாய் பல பயனிலைகளைக் கொண்டாலே தொடர்நிலை. 'அண்ணன் படித்தான்; தேர்வெழுதினான்; வென்றான்' என்பதை ஆங்கிலப் பாடத்தின் நினைவில் தனிநிலை என்று எழுதிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லிவிடுங்கள்.

கலவைத் தொடரை இதோடு சேர்த்தே சொல்லித் தரலாமா?

முதலிரண்டும் உறுதியான பிறகு சொல்லலாம். ஒரு முதன்மைத் தொடரும் அதைச் சார்ந்த துணைத் தொடரும் சேர்ந்தது கலவை. வகை மாற்றி எழுதச் சொல்லும் தேர்வுக் கேள்விக்கு இந்த மூன்று வாக்கியங்களைப் பழக்கினால் போதும்: 'மழை பெய்தது, அதனால் பாலாற்றில் நீர் ஓடியது' என்பது தொடர்நிலை. 'மழை பெய்ததால் பாலாற்றில் நீர் ஓடியது' என்பது கலவை. 'மழையால் பாலாற்றில் நீர் ஓடியது' என்பது தனிநிலை. 'தம்பி வருவான் என்று அக்கா சொன்னாள்' என்பதில் மட்டும் நிறுத்திப் பார்க்கும் சோதனை ஏமாற்றும். 'வருவான்' என்ற இடத்திலும் நிற்க முடிவதுபோல் தோன்றும். 'என்று' வந்தால் முன்னால் இருப்பது துணைத் தொடர் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள்.

அரைப்புள்ளி கட்டாயமா?

இணைப்புச் சொல் இல்லாமல் முற்றுகள் அடுத்தடுத்து வந்தால் அரைப்புள்ளி வேண்டும். இணைப்புச் சொல் இருந்தால் அதற்கு முன் அரைப்புள்ளி இடுவது நல்ல வழக்கம்; சிறு வகுப்பில் காற்புள்ளி போட்டிருந்தால் அதற்காக மதிப்பெண் குறைக்க வேண்டியதில்லை.

எச்சம் வந்த வாக்கியத்தைப் பிள்ளை கலவை என்று எழுதினால் தவறா?

'மழை பெய்து குளம் நிறைந்தது' என்பதில் எச்சத்துக்குத் தனி எழுவாய் இருக்கிறது. அதைக் கலவை என்று கொள்வதற்கு நியாயம் உண்டு. 'எழுந்து குளித்து வந்தேன்' என்பதில் எழுவாய் ஒன்றே. அதைத் தனிநிலை என்று வைத்துக்கொள்வது சிறு வகுப்புக்கு எளிது. ஆசிரியருக்கு ஆசிரியர் இதில் வேறுபடுவார்கள். ஆகவே இத்தகைய வாக்கியத்தைத் தேர்வில் கொடுக்காமல் இருப்பதே நல்லது. கொடுத்துவிட்டால், பிள்ளை எந்தச் சொல்லை முற்று என்று கோடிட்டிருக்கிறது என்று பாருங்கள். கோடு சரியான இடத்தில் இருந்தால் முழு மதிப்பெண் கொடுங்கள்.